ஆண்டுக்கு ஒரு பைத்தான்: வேகம் கூடியது, பரிசீலனை என்ன ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் என்ற நிரல் மொழியின் புதிய பதிப்பு முன்பெல்லாம் சுமார் 18 மாதங்களுக்கு ஒருமுறை வரும். 2020-ல் வந்த 3.9 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒன்று வருகிறது. கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசப் போகும் இடங்களில் இதைச் சொன்னால், உடனே யாராவது ஒருவர் கையைத் தூக்குவார்: "இவ்வளவு அவசரப்பட்டால் யார் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள்?" நியாயமான கேள்விதான். அதையும், அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளையும் இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

18 மாதம் 12 ஆகிவிட்டது. அப்படியானால் பரிசீலிக்கும் நேரத்தில் 6 மாதம் போய்விட்டது, இல்லையா?

கணக்கு அப்படி வராது. இரண்டு வெளியீடுகளுக்கு இடையே 12 மாதம்தான். ஆனால் ஒவ்வொரு பதிப்பும் உருவாக எடுத்துக்கொள்வது 17 மாதம்.

முந்தைய பதிப்பு பீட்டா எனும் சோதனைக் கட்டத்துக்குள் நுழைந்ததுமே அடுத்த பதிப்பின் வேலை தொடங்கிவிடும். முதல் 5 மாதம் இப்படி இரண்டு பதிப்புகளின் வேலையும் ஒருசேர ஓடும். அதன் பிறகு 7 மாதம் ஆல்ஃபா எனும் ஆரம்ப முன்னோட்டம், மாதம் ஒரு வெளியீடு. மே மாதத்தில் முதல் பீட்டா வரும். அந்த நாளோடு புது வசதிகளுக்குக் கதவு மூடிவிடும். 3 மாதம் பீட்டா, அப்புறம் 2 மாதம் கடைசி ஒத்திகையான ரிலீஸ் கேண்டிடேட், அக்டோபரில் இறுதிப் பதிப்பு. ஒரு பயிர் அறுவடைக்கு நிற்கும்போதே அடுத்ததற்கு நாற்றங்கால் போடுவது போலத்தான். பீட்டா தொடங்கிய பின் பார்க்கிறவர்களுக்கு மட்டும் முழுதாக 5 மாதம் கிடைக்கிறது.

பழைய 18 மாத ஏற்பாட்டில் அப்படி என்ன குறை?

கிராமத்துக் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். அதை விட்டால் விடியும்வரை வேறு வண்டி இல்லை என்று தெரிந்தால், படியில் தொங்கிக்கொண்டாவது ஏறிவிடுவோம். பழைய பைத்தானில் முதல் பீட்டாவுக்கு முந்தைய வாரங்கள் அப்படித்தான் இருந்தன. ஒரு வசதியை இந்தப் பதிப்பில் சேர்க்கத் தவறினால் இன்னும் ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டும். அதனால் அரைகுறையாக வெந்த கோடு (நிரல் வரிகள்) கூட கடைசி நாட்களில் வந்து குவியும். ரிவ்யூ செய்பவருக்கோ, "வேண்டாம், இன்னும் கொஞ்சம் யோசிப்போம்" என்று சொல்ல மனம் வராது. சொன்னால் எதிரில் இருப்பவரின் உழைப்பு 18 மாதம் தள்ளிப்போகும்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது. டவுன் பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் ஊரில் யாரும் படியில் தொங்குவதில்லை. வெளியீடுகள் அடிக்கடி வந்தால், மறுப்பதற்கு ஆகும் செலவு குறைகிறது. ஆண்டுச் சுழற்சியை முன்மொழிந்த ஆவணமே, பீட்டாவுக்கு முந்தைய இந்த நெரிசலைக் குறைப்பதைத் தன் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது.

அந்த முடிவை எடுத்தது யார்? எங்காவது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அறிவித்தார்களா?

இல்லை. பைத்தானில் பெரிய மாற்றம் எதுவானாலும் 'பெப்' எனப்படும் முன்மொழிவு ஆவணமாக எழுதி, எல்லோர் பார்வைக்கும் வைக்க வேண்டும். 2019-ல் வெளியீட்டு வேகம் குறித்து ஒன்றல்ல, பல பெப்கள் மோதின. லூகாஷ் லங்கா எழுதிய பெப் 602, ஆண்டுச் சுழற்சி கேட்டது. நிக் காக்லன் 598-ல் வேறொரு வழி சொன்னார், பின்பு அதை அவரே விலக்கிக்கொண்டார். அவரும் ஸ்டீவ் டவரும் சேர்ந்து 605 எழுதினார்கள். பீட்டாக்கள் தொடர்ந்து உருண்டு வந்துகொண்டே இருக்கட்டும் என்பது அதன் சாரம். அது நிராகரிக்கப்பட்டது. 602 ஏற்கப்பட்டது.

ஏற்றது வழிகாட்டுக் குழு. 2018 ஜூலையில் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு அமைந்த ஐவர் குழு அது; மைய நிரலாளர்கள், அதாவது பைத்தானின் கோடை மாற்றும் உரிமை பெற்றவர்கள், வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. இன்னொரு வேடிக்கை: ஒவ்வொரு புதிய பதிப்புக்குப் பிறகும் குழுவுக்குத் தேர்தல் நடக்க வேண்டும் என்பது விதி. வெளியீடு ஆண்டுதோறும் ஆனதால் தேர்தலும் ஆண்டுதோறும் ஆகிவிட்டது. தீர்ப்புச் சொல்பவர்களையே சமூகம் அடிக்கடி பரிசீலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசீலனை காரணமாக எதையாவது உண்மையிலேயே நிறுத்தியிருக்கிறார்களா? இல்லை, பேச்சுக்குத்தானா?

நிறுத்தியிருக்கிறார்கள். அதுவும் பீட்டாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது.

பைத்தானில் ஒரு மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்) என்ன வகைத் தரவை ஏற்கும் என்பதைக் குறிப்பாக எழுதி வைக்கலாம். அந்தக் குறிப்புகளை உடனே கணக்கிடாமல் வெறும் எழுத்துச்சரமாக வைத்துக்கொள்ளலாம் என்றது பெப் 563. 3.7-ல் வேண்டியவர்கள் மட்டும் பயன்படுத்தும் வசதியாக அது வந்தது. 3.10-ல் எல்லோருக்கும் இயல்பாக்கிவிடுவது என்று முடிவாகி, கோடும் உள்ளே போய்விட்டது.

2021 ஏப்ரலில் பைடாண்டிக் என்ற லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தக் கோடு) நடத்துபவர் அபாயச் சங்கு ஊதினார். நிரல் ஓடும்போதே அந்தக் குறிப்புகளைப் படித்து வேலை செய்வதுதான் பைடாண்டிக்கின் உயிர். எல்லாம் எழுத்துச்சரமாகிவிட்டால், சில இடங்களில் அவற்றை மீண்டும் வகையாக மாற்றவே முடியாது. அதை நம்பியிருக்கும் ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற லைப்ரரிகளும் சேர்ந்து அடிவாங்கும். விவாதம் சூடாகத்தான் நடந்தது. ஏப்ரல் 20-ம் தேதி வழிகாட்டுக் குழு மாற்றத்தைப் பின்வாங்கியது. முதல் பீட்டா மே 3-ம் தேதி திட்டமிட்டபடி வந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. மைய நிரலாளர் லாரி ஹேஸ்டிங்ஸ் அதே ஆண்டு ஜனவரியில் பெப் 649 என்ற மாற்று வழியை எழுதியிருந்தார்: குறிப்புகளைக் கேட்கும்போது மட்டும் கணக்கிடுவது. அதை அலசினார்கள், திருத்தினார்கள். 2023-ல் ஏற்றார்கள். பயனர் கைக்கு அது வந்தது 2025 அக்டோபரில், 3.14-ல். இடையே 3.10, 3.11, 3.12, 3.13 நான்கும் தத்தம் ஆண்டு அக்டோபரில் வந்து சேர்ந்தன. எதுவும் இதற்காகக் காத்திருக்கவில்லை. ஒரு யோசனை பயனர் கைக்கு வர நான்கு ஆண்டுக்கு மேல் ஆனது, வெளியீடு ஒரே ஓர் ஆண்டு கூடத் தவறவில்லை. பழைய ஏற்பாட்டில் 2021 ஏப்ரலில் இதே சண்டை வந்திருந்தால், "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, போகட்டும்" என்ற குரல்தான் ஜெயித்திருக்கும் என்பது என் எண்ணம்.

பீட்டாவும் தாண்டிய பிறகு குறை தெரிந்தால்?

அப்போதும் எடுத்துவிடலாம். 3.13-க்காக எழுதிய புதிய குப்பை சேகரிப்பு முறை, அதாவது நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்புரவு செய்யும் ஏற்பாடு, சில வேலைகளை வேகம் குறைய வைப்பது ரிலீஸ் கேண்டிடேட் கட்டத்தில்தான் உறைத்தது. அதைப் பிடுங்கினார்கள். 2024 அக்டோபர் 1 அன்று வரவேண்டிய இறுதிப் பதிப்புக்குப் பதில் மூன்றாவது கேண்டிடேட் வந்தது. இறுதிப் பதிப்பு 7-ம் தேதி. 2022-ல் 3.11-ம் தீர்க்காத பிழைகளால் அக்டோபர் 24 வரை தள்ளிப்போனது. ஒரு வாரம், மூன்று வாரம் தாமதத்தால் யாருக்கும் குடி முழுகவில்லை.

எல்லாம் நல்லதாகவே சொல்கிறீர்கள். பரிசீலனையைத் தாண்டிக் குதித்த சம்பவமே இல்லையா?

இருக்கிறது. 2022 செப்டம்பர். மிக நீளமான எண்ணை எழுத்துச்சரத்திலிருந்து முழு எண்ணாக மாற்ற அதிக நேரம் பிடிக்கும். அதை வைத்து ஒரு சர்வரைத் திணறடிக்க முடியும். எனவே 4300 இலக்கங்களுக்கு மேல் போனால் பிழை காட்டும்படி ஒரு வரம்பு வைத்தார்கள். அடுத்த அக்டோபருக்கு என்று வைத்திருந்தால் பரவாயில்லை. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 3.7 முதல் 3.10 வரையிலான பதிப்புகளின் திருத்த வெளியீடுகளிலேயே அது வந்து இறங்கியது. பாதுகாப்புப் பிரச்சினை என்பதால் விவாதம் மூடிய அறைக்குள் நடந்தது. கணிதத்துக்குப் பைத்தானைப் பயன்படுத்துவோர், நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஏன் நிற்கிறது என்று கொதித்தார்கள்.

பாதுகாப்பு ஓட்டையை ஊரறியப் பேசித்தான் அடைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பூட்டு கெட்டுப்போனதைத் தண்டோரா போட்டுச் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஓட்டைக்குக் கொடுக்கப்பட்ட அடையாள எண்ணிலேயே 2020 என்ற ஆண்டு இருந்தது. இரண்டு ஆண்டு காத்திருந்த விஷயத்தைப் பற்றி இன்னும் சிலரிடம் கேட்டிருக்கலாமே என்று அன்று பலர் கேட்டதில் நியாயம் உண்டு. ரகசியப் பாதை சின்னதாகவும் அரிதாகவும் இருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் அவசரம் என்று சொல்லி அந்த வழியில் போகத் தொடங்கினால் மற்றவர்களின் பரிசீலனைக்கு மதிப்பில்லை.

ரஸ்ட் மொழியில் 6 வாரத்துக்கு ஒரு வெளியீடாமே. அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?

2015 மே மாதம் 1.0 வந்ததிலிருந்து அதே தாளம்தான். ரகசியம் என்னவென்றால், அங்கே கோடு உள்ளே போவதும் பயனருக்குத் திறப்பதும் வேறு வேறு நிகழ்ச்சிகள். புது வசதி பூட்டோடுதான் உள்ளே போகும். தினசரி வெளியாகும் நைட்லி பதிப்பில் மட்டும், வேண்டுமென்றே பூட்டைத் திறந்து பயன்படுத்தலாம். எல்லோருக்கும் திறக்க வேண்டுமானால் அதற்குத் தனி அறிக்கை, தனி விவாதம், கடைசியாக 10 நாள் கருத்துக் கேட்பு. சந்தேகம் இருந்தால் கிரேட்டர் என்ற கருவியை ஓடவிட்டு, பொதுவில் கிடைக்கும் ரஸ்ட் லைப்ரரிகளை எல்லாம் புது கம்பைலரில் (கோடை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) கட்டி, எது உடைகிறது என்று பார்ப்பார்கள்.

2016-ல் முன்மொழிந்த ஜெனரிக் அசோசியேட்டட் டைப்ஸ் என்ற வசதி, 2022 நவம்பரில் 1.65-ல்தான் எல்லோருக்கும் திறந்தது. இடையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்து போயின.

இந்த வேகத்தின் செலவு யார் தலையில் விழுகிறது?

லைப்ரரி நடத்துபவர்கள் தலையில். இதை மழுப்பக் கூடாது.

ஒரு பைத்தான் பதிப்புக்கு 5 ஆண்டு ஆதரவு. ஆண்டுக்கு ஒன்று வந்தால் எப்போதும் 5 பதிப்புகள் உயிரோடு இருக்கும். முன்பு மூன்றோ நான்கோ. மூன்று இயங்குதளங்களில் சோதிப்பவருக்கு 15 சோதனைகள். மாலை நேரத்தில் சம்பளமில்லாமல் ஒரு லைப்ரரியைப் பார்த்துக்கொள்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத செலவு. ஒரு வசதியை நீக்குமுன் குறைந்தது இரண்டு பதிப்புகளிலாவது எச்சரிக்கை காட்ட வேண்டும் என்பது பைத்தானின் விதி. 18 மாதச் சுழற்சியில் இரண்டு பதிப்பு என்றால் 3 ஆண்டு. இப்போது 2 ஆண்டு. 'குறைந்தது இரண்டு' என்பது மாறவில்லை. அவகாசம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. வெளியீட்டை வேகப்படுத்தும் எந்தக் குழுவும் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது இதைத்தான்: 'பதிப்பு' என்ற அலகில் எழுதிய விதிகள் எவை, அவற்றை 'மாதம்' என்று மாற்றி எழுத வேண்டுமா? 3.11-ல் எச்சரிக்கை கொடுத்த, பைத்தானோடு சேர்ந்து வந்த 19 பழைய மாட்யூல்கள் 2024-ல் 3.13-ல் காணாமல் போனது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் சொன்னால் கேட்கிறார்கள். பைத்தான் 2-க்கு ஆதரவு 2020 தொடக்கத்தில் முடிந்தது. அதிலிருந்து 3-க்கு மாறி அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்கள், 3.9-ல் பழைய பெயர்கள் சிலவற்றை நீக்கினால் நிறைய உடையும் என்று முறையிட்டார்கள். அவற்றில் சில இன்னும் ஒரு பதிப்புக்குத் தங்கின.

பீட்டாவை யார் சோதிக்கிறார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

தனிநபர்கள் குறைவு. ஃபெடோரா லினக்ஸ் குழு ஆல்ஃபா காலத்திலேயே தன் பைத்தான் பொதிகளை (பேக்கேஜ்கள்) புதுப் பதிப்பில் கட்டிப் பார்த்து, உடைவதை எல்லாம் முன்கூட்டியே தெரிவிக்கிறது. தேதி நிலையாக இருப்பதால்தான் இது முடிகிறது. மே மாதம் பீட்டா என்று தெரிந்தால் அதற்கு ஆள் ஒதுக்கலாம். "தயாரானதும் வரும்" என்றால் யார் காத்திருப்பார்கள்?

அப்படியானால் எல்லாத் திட்டங்களும் வேகப்படுத்த வேண்டுமா?

வேண்டாம். சர்வர்களில் ஓடும் நிரல்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் 2021-ல் ஆண்டுக்கு 4 வெளியீடு என்பதை 3 ஆகக் குறைத்தது. 2011-ல் ஃபயர்ஃபாக்ஸ் 6 வாரச் சுழற்சிக்கு மாறியபோது நிறுவனங்கள் அலறின. ஒவ்வொரு பதிப்பையும் தங்கள் உள்மென்பொருளோடு சோதிக்க அவர்களுக்கு அதற்கு மேல் நேரம் தேவைப்பட்டது. 2012 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 10-ஐ அடியாக வைத்து, நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று ஒரு மெதுவான தடத்தையும் மொசில்லா போட்டது. இன்றும் இரண்டும் ஓடுகின்றன. வேகத் தடம் 2020-ல் 4 வாரமாகச் சுருங்கிவிட்டது.

வேகம் கேட்டு வரும் நெருக்கடியை எப்படிப் பார்ப்பது?

கொஞ்சம் சந்தேகத்தோடு. எக்ஸ்இசட் விவகாரம் நினைவிருக்கும். ஏறக்குறைய ஒரே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த, கோப்புகளைச் சுருக்கும் கருவி அது. 2022-ல் யாரோ சிலர் "வெளியீடு தாமதம், திருத்தங்கள் தேங்குகின்றன, வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அவரை நச்சரித்தார்கள். உதவிக்கு வந்தவர் ஜியா டான் என்ற பெயரில் நம்பிக்கை சம்பாதித்து, 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0-ல் பின்கதவு வைத்தார். அதை இயக்கிவிடும் துண்டு எல்லோரும் கோடைப் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதிக்குள் மட்டும் இருந்தது. பரிசீலித்தவர்கள் பார்த்தது ஒன்று, வெளியே போனது இன்னொன்று.

எஸ்எஸ்எச் உள்நுழைவு (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் வழி) அரை விநாடி தாமதமாவது ஏன் என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பு தப்பியது; புதியது எதுவும் முதலில் அதன் சோதனைக் கிளைகளில்தான் தங்கும் என்பதே காரணம். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்றுதான்: வெளியீட்டுப் பொதியை மனிதர் கையால் கட்டக் கூடாது, பரிசீலித்த அதே கோடிலிருந்து தானாக உருவாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களை இது பாதிக்காதா?

பாதிக்கும். தமிழ் மொழிபெயர்ப்புக் குழுக்களில் இருந்தவர்களுக்குத் தெரியும், புதுச் சொற்கள் கடைசி வாரத்தில் வந்தால் 'கோப்பு' சரியா 'ஃபைல்' சரியா என்று விவாதிக்கக் கூட நேரமிருக்காது. லினக்ஸின் திரைச்சூழலான க்னோம் 6 மாதச் சுழற்சியில், ஒரு தேதிக்குப் பிறகு திரையில் தோன்றும் வாசகங்களை மாற்றக் கூடாது என்று தடை போடுகிறது. 4 வாரச் சுழற்சியில் அப்படி நிறுத்தி வைக்க இடமில்லை. ஃபயர்ஃபாக்ஸில் எல்லாத் தடங்களுக்கும் பொதுவாக ஒரே மொழிபெயர்ப்புத் தொகுப்பு. மொழிபெயராத வாசகம் ஆங்கிலத்தில் தெரியும், அடுத்த முறை தமிழாகும். நான்கு வாரத்துக்கு ஓர் ஆங்கில வரி தெரிவதும், தவறான தமிழ் வரி ஒன்று ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுவதும் ஒன்றில்லை. முதலாவது எனக்குச் சம்மதம்.

எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர்தான். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் "இனி வாரம் ஒரு ரிலீஸ்" என்று மேலிடம் அறிவித்தது. தேதியையும் வைத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு இன்னின்ன வசதிகள் வந்தே தீர வேண்டும் என்ற பட்டியலையும் வைத்துக்கொண்டார்கள். வியாழன் இரவு பதினொரு மணிக்கு ரிவ்யூ கேட்டு மெசேஜ் வரும். பார்க்காமலே ஓகே போடுவோம். இரண்டு மாதத்தில் வாடிக்கையாளர் ஒருவருக்குத் தப்பான பில் போனது. தேதியும் வசதியும் இரண்டும் அசையாது என்றால் அசையப் போவது தரம்தான்.

ஐந்து பேருக்கு பெப்பும் வேண்டாம், குழுத் தேர்தலும் வேண்டாம். தேதியைக் கெட்டியாகப் பிடியுங்கள், வசதிப் பட்டியலை விட்டுவிடுங்கள். முடிக்காத வேலையை மூடி வைக்க ஒரு ஸ்விட்ச் இருக்கட்டும். ஒரு மாற்றம் குறைந்தது இரண்டு வேலை நாளாவது மற்றவர் கண்ணில் படாமல் உள்ளே போகக் கூடாது.

பைத்தான் பரிசீலனையில் நான் எப்படிக் கலந்துகொள்வது? நான் மைய நிரலாளர் இல்லையே.

பைடாண்டிக் கதையில் சங்கு ஊதியவர் ஒரு லைப்ரரியை நடத்துபவராகத்தான் வந்தார். மே முதல் ஜூலை வரையிலான பீட்டாக் காலம் உங்களுக்கானது. புதுப் பதிப்பைத் தனியாக ஒரு மெய்நிகர் சூழலில் நிறுவுங்கள். உங்கள் நிரலின் சோதனைகளை, எச்சரிக்கைகளைப் பிழையாகக் கருதும் அமைப்போடு ஓட்டுங்கள். ஏதாவது உடைந்தால், உடையக் காரணமான பத்து வரியை மட்டும் வெட்டியெடுத்து, முந்தைய பதிப்பில் என்ன வந்தது, இப்போது என்ன வருகிறது என்று எழுதி அனுப்புங்கள். ஜூலையில் அனுப்பினால் மாற்றத்தையே திரும்பப் பெற வாய்ப்பு உண்டு. நவம்பரில் அனுப்பினால், பெரும்பாலும் உங்கள் நிரலைத்தான் மாற்றச் சொல்வார்கள்.